கிள்ளானில் நான் நடத்திய இன்கா சுற்றுலா

எனக்குப் பதற்றம் வந்தால் கை நடுங்காது, வியர்க்காது, வயிறும் கலங்காது. வாய் திறந்துகொள்ளும். பல் பிடுங்கப் போன இடத்தில் பல் டாக்டருக்கே பல்லைப் பற்றிப் பாடம் நடத்தியவன் நான், அதுவும் வாயில் பஞ்சோடு. என் குடும்ப வாழ்க்கையில் நடந்த பெரிய விபத்துக்கும் இந்த வாய்தான் காரணம். அது நடந்தது எண்பதுகளின் நடுவில், ஒரு ஞாயிற்றுக்கிழமை.

என் மனைவியின் அண்ணன் லண்டனில் எஞ்சினியர். அந்த டிசம்பரில் மனைவி பிள்ளைகளை அங்கேயே விட்டுவிட்டு, இரண்டு வார லீவில் பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் தன் அம்மா வீட்டுக்கு வந்திருந்தார். பெட்டியில் எங்களுக்குச் சாக்லேட், தனக்கு ஒரு ஸ்லைட் புரொஜெக்டர். அதற்கு முந்தைய வருடம் குடும்பத்தோடு பெரு நாட்டுக்குப் போய் இன்காக்காரர்கள் கட்டிய பழைய இடங்களையெல்லாம் ஒரே நாள் டூரில் பார்த்துவிட்டு வந்திருந்தார். சனிக்கிழமை மாலை, ஹாலில் ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்பை ஆணியில் மாட்டி, விளக்கையும் காற்றாடியையும் அணைத்து, எண்பது படங்கள் காட்டினார். காற்றாடியை ஏன் அணைத்தார் என்றால், விரிப்பு ஆடினால் மலை ஆடுகிறது. பத்தாவது படத்தில் என் மாமியார் தூங்கிவிட்டார்.

"ஐசே, இந்தக் கல்லுகளைப் பாரும்," என்றார் மச்சான். என்னைப் பெயர் சொல்லாமல் 'ஐ ஸே' என்றுதான் கூப்பிடுவார். "சுண்ணாம்பு இல்லை, சிமெந்து இல்லை. இடையில ஒரு கத்தி நுனி போகாது."

"கத்தி ஏன் மச்சான் போகணும்?"

"அதில்லை ஐசே. அவ்வளவு நெருக்கம். விளங்குதோ?"

விளங்கியது. இருட்டில் நாங்கள் ஐந்து பேரும் அதே நெருக்கத்தில்தான் வியர்த்துக்கொண்டிருந்தோம்.

மலையைப் படிப்படியாக வெட்டிய வயல்கள் வந்தன. சடங்குக்குக் குளிக்கும் தொட்டிகள் வந்தன. எங்கேயோ ஏறிப் போகும் கல் படிகள் வந்தன. ஒவ்வொன்றுக்கும் முன்னால் மச்சான் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். "காலமை ஏழரைக்கு பஸ். பின்னேரம் ஆறு மணிக்குள்ள நாலு இடம். மத்தியானச் சாப்பாடும் சேர்த்து. அதுதான் டூர். எங்கட ஊரில என்ன இருக்கு சொல்லும்? கிள்ளானில நண்டு இருக்கு. வேற?"

பிரிக்பீல்ட்ஸிலிருந்து ஒரு மணி நேரக் கார் தூரத்தில் இருக்கும் கிள்ளான்தான் என் ஊர். நண்டைப் பற்றி அவர் சொன்னது உண்மைதான் என்றாலும், வாய் திறந்துகொண்டது.

"கிள்ளான்ல பழைய இடம் இல்லாமயா? ஒரு நாள் போதாது மச்சான்."

"அப்பிடியோ?"

"நாலு இடம் என்ன, அஞ்சு இடம் காட்டுறேன்."

இருட்டில் என் ஒன்பது வயது மகளின் குரல் கேட்டது. "அப்பா, நாளைக்கே போலாம்லா. நாளைக்கு சண்டே."

காற்றாடியைப் போட்டார்கள். பெரு மலைகள் எல்லாம் ஆடின.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த நாள் நான் பட்ட பாடு யாருக்கும் புரியாது.

என் மனைவியின் குடும்பம் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து மூன்று தலைமுறையாக ரயில்வேயில் இருந்த குடும்பம். மாமனார் ஸ்டேஷன் மாஸ்டர். நான் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன். நானும் என் மனைவியும் ஒரே ஆபீசில் வேலை பார்த்து, ஒருவரையொருவர் பிடித்துப்போய், பெண் கேட்டு நான் பிரிக்பீல்ட்ஸ் வீட்டுக்குப் போன அன்று மாமனார் கேட்டார், "அப்பாவுக்குத் தோட்டத்தில என்ன வேலை?" என் அப்பா புகைவீட்டில் வேலை செய்தார். ரப்பர் ஷீட்டுகளைக் கம்பில் தொங்கவிட்டு, அடியில் விறகு மூட்டி, நாலைந்து நாள் புகை போடுகிற இடம் அது. அதைச் சொல்லியிருக்கலாம். பதற்றத்தில் வாய் திறந்தது. "கிராணி," என்றது. தோட்டத்து ஆபீசில் மேசை போட்டு உட்கார்ந்து தொழிலாளர்களின் பெயரைக் கூப்பிடுகிறவர்தான் கிராணி. அதோடாவது நிறுத்தியிருக்கலாம். "பெரிய கிராணி," என்று அது சேர்த்துக்கொண்டது.

கல்யாணத்தன்று அப்பாவிடம், "நீங்க எதுவும் பேச வேணாம், தலையை மட்டும் ஆட்டுங்க," என்று சொல்லி வைத்தேன். மாமனார் அரை மணி நேரம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து இங்கிலீஷில் ரப்பர் விலை, ரயில்வே, அரசாங்கம் என்று பேசினார். அப்பா எல்லாவற்றுக்கும் "ம்" என்றார். எழுந்து வந்த மாமனார் என் தோளில் தட்டி, "பெரிய கிராணியெண்டா இப்பிடித்தான் இருக்க வேணும். அளந்து கதைக்கிறார்," என்றார். அப்பா ஓய்வுக்குப் பிறகு தைப்பிங்கில் என் அக்கா வீட்டில் இருந்தார். தீபாவளிக்கு வருவார். பிரிக்பீல்ட்ஸுக்கு அழைத்துப் போனால் "ம்" என்பார், இடையிடையே இருமுவார். அவர் இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. மாமனார் அதற்கு முன்பே போய்விட்டார். என் அப்பா கிராணி என்பது அந்த வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த உண்மை. அது உண்மையில்லை என்பது எனக்கு மட்டும் தெரியும். பன்னிரண்டு வருடமாக அந்த வீட்டில் நான் சாப்பிட்ட மரியாதை எல்லாம் அந்த ஒரு சொல்லின் மேல் உட்கார்ந்திருந்தது.

ஞாயிறு காலை ஆறரைக்குப் பிரிக்பீல்ட்ஸிலிருந்து புறப்பட்டோம். மச்சான் தொப்பி, காமிரா, கழுத்தில் பைனாகுலர். மகள் ஒரு குடையின் நுனியில் மஞ்சள் ரிப்பன் கட்டி என்னிடம் கொடுத்தாள். டூர் கைடு கொடி பிடிக்க வேண்டும் என்று மாமா சொல்லியிருந்தாராம். என் மனைவி பிளாஸ்க்கில் காப்பியோடு பின்சீட்டில் உட்கார்ந்து, என் கழுத்துப் பக்கம் குனிந்து மெதுவாகக் கேட்டாள்.

"எங்க கூட்டிட்டுப் போகப் போறீங்க?"

"பாத்துக்கலாம்."

"பாத்துக்கலாம்னா?"

"போய்ப் பாத்துக்கலாம்னு."

ஏழரைக்குக் கிள்ளானில் முதல் இடம். மேட்டின் மேல் ஒரு பழைய கோட்டை வாசல். வாசல் மட்டும். நான் கொடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அதன் வழியாக நடந்தேன். மூன்று பேரும் பின்னால் நடந்தார்கள். அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தோம். வேறு ஒன்றும் இல்லாததால் திரும்பி இந்தப் பக்கம் வந்தோம். மச்சான் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஆறு நிமிடம்.

இரண்டாவது இடம், ஆற்றங்கரைப் பக்கம் ஈயம் வைத்திருந்த பழைய கிடங்கு. காலை ஏழே முக்காலுக்கு ஞாயிற்றுக்கிழமை எந்தக் கிடங்கு திறந்திருக்கும்? சுவரைப் பார்த்தோம். மச்சான் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்துச் செங்கல் இடுக்கில் விட்டுப் பார்த்தார். நன்றாகப் போனது.

"சாவியே போகுது ஐசே," என்றார், வருத்தத்தோடு.

மூன்றாவதாக ஆற்றின் மேல் இருந்த இரட்டைப் பாலத்தைக் காட்டினேன். மேலே வண்டி, கீழே ஆள் நடக்கிற பாலம். "அப்பா, இது ரொம்பப் பழசா?" என்று மகள் கேட்டாள். அந்தப் பாலம் என்னைவிடப் பத்து வயது இளையது. அதைக் கட்டும்போது நான் வேடிக்கை பார்த்திருக்கிறேன்.

"உன்ர அப்பாவைவிடப் புதுசு," என்றார் மச்சான். "வேணுமெண்டா அப்பாவைப் படம் எடுப்பம்."

எடுத்தார். அந்தப் படத்தில் நான் ரிப்பன் கட்டிய குடையோடு நிற்கிறேன். முகத்தைப் பார்த்தால், என்னை அங்கே புதைத்து வைத்திருந்து இப்போதுதான் தோண்டியெடுத்த மாதிரி இருக்கும்.

ரொட்டிச் சானாய் கடையில் உட்கார்ந்தபோது மணி எட்டரை. மத்தியானச் சாப்பாட்டுக்கு இன்னும் நாலு மணி நேரம் இருந்தது, கைவசம் இடம் ஒன்றும் இல்லை. மச்சான் தே தாரிக் டீயை ஆற்றிக்கொண்டே, "நாலாவது இடம் எது?" என்று கேட்டார். "அஞ்சுன்னு சொன்னீங்கப்பா," என்றாள் மகள். என் மனைவி ரொட்டியைச் சின்னச் சின்னதாகப் பிய்த்துக்கொண்டிருந்தாள். சாப்பிடவில்லை, பிய்த்துக்கொண்டு மட்டும் இருந்தாள்.

"நாலாவதுதான் முக்கியமான இடம்," என்றது என் வாய். "டவுனுக்கு வெளிய. மலைப் பக்கம்."

காரை எடுத்தேன். எங்கே போகிறேன் என்று சத்தியமாக எனக்குத் தெரியாது. மேரு ரோட்டுப் பக்கம் வண்டி திரும்பியது. பிறகு ஒரு செம்மண் பாதையில் திரும்பியது. பாதை ஓரத்தில் வீடமைப்புக் கம்பெனிக்காரர்கள் நட்ட பெரிய பலகையைப் பார்த்ததும்தான் புரிந்தது. ஸ்டீரிங்கைப் பிடித்திருந்த கைக்கு வேறு வழி தெரியாமல், என்னை நான் பிறந்த தோட்டத்துக்கே கொண்டுவந்து விட்டிருந்தது.

ஒரு நொடி பிரேக்கில் கால் வைத்தேன். பிறகு யோசித்தேன். தோட்டத்தை விற்று ஒரு வருடம் ஆகிவிட்டது. தொழிலாளர்கள் இருந்த லயத்து வீடுகளை இடித்தாகிவிட்டது. ஜனங்கள் செலாயாங், செராஸ் என்று ஆளுக்கொரு பக்கம் போய்விட்டார்கள். இங்கே என்னைத் தெரிந்த நாய்கூட இருக்காது. பழைய கற்களுக்கோ குறைவே இல்லை.

"இறங்குங்க," என்றேன், கொடியைத் தூக்கி. "நாலாவது இடம்."

மச்சான் இறங்கிச் சுற்றிலும் பார்த்தார். "இது ரப்பர் தோட்டம் இல்லையோ ஐசே?"

"பாக்குறவங்களுக்கு அப்படித் தெரியும்."

அவர் முகத்தில் அன்று முதல் முறையாக ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்தது. அது போதும் எனக்கு. குன்றைக் காட்டினேன். மரங்களை வெட்டிச் சாய்த்திருந்ததால், தோட்டக்காரர்கள் மலையைச் சுற்றி வெட்டிய மண்படிகள் அடியிலிருந்து உச்சிவரை அப்பட்டமாகத் தெரிந்தன. நேற்று விரிப்பில் பார்த்த அதே மலை.

"அட," என்றார் மச்சான், காமிராவைத் திறந்துகொண்டே. "அச்சொட்டா அதேதான்."

"மழைத்தண்ணி மண்ணை அடிச்சிட்டுப் போகாம இருக்க. ஒரு படிக்கு ஒரு வரிசை மரம். உள் பக்கமா லேசாச் சரிவு இருக்கணும், இல்லாட்டி வேர்ல தண்ணி நிக்காது."

"உமக்கு நல்லாத் தெரியுது."

"அப்பா சொல்லியிருக்காரு," என்றேன். என் மனைவி திரும்பிப் பார்த்தாள். அப்பா ஏதாவது சொன்னதாக அவள் கேள்விப்படுவது அதுதான் முதல் முறை.

அடுத்தது படிகள். வெள்ளைக்கார துரையின் பங்களாவை இடித்துவிட்டு, மேட்டுக்கு ஏறும் படிகளை மட்டும் விட்டிருந்தார்கள். மகள் ஓடி ஏறி உச்சியில் நின்றாள். "அப்பா, இங்க யாரு இருந்தா?"

"ராஜா."

"இப்ப எங்க?"

"ஸ்காட்லாந்துக்குப் போய்ட்டாரு."

மச்சான் வாய்விட்டுச் சிரித்தார். லண்டனிலிருந்து வந்த நாளிலிருந்து அவர் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. எனக்குப் போதை ஏறியது. கொடியைச் சுழற்றிக்கொண்டு ரப்பர் ஸ்டோர் இருந்த இடத்துக்கு அழைத்துப் போனேன். கூரை போயிருந்தது. பாலை ஊற்றும் சிமெண்ட் தொட்டிகள் மட்டும் வரிசையாக, மழைத்தண்ணியும் தலைப்பிரட்டையுமாகக் கிடந்தன.

"இவை புனித நீராடும் தொட்டிகள்," என்று ஆரம்பித்தேன். "இந்த மக்கள் விடியறதுக்கு முன்னால எழுந்திருப்பாங்க. ஒரு மணி அடிக்கும். எல்லாரும் முற்றத்துல வரிசையா நிக்கணும். தலைமைப் பூசாரி ஒரு விளக்கு வெச்சுக்கிட்டு ஒவ்வொருத்தர் பேரா வாசிப்பாரு. இதுக்குப் பெரட்டுன்னு பேரு. பேரைக் கூப்பிடும்போது குரல் கொடுக்காதவனுக்கு அன்னைக்குப் பிரசாதம் கிடையாது. அப்புறம் எல்லாரும் காட்டுக்குப் போய், மரத்துக்கு ஒரு கீறல் கீறி, வெள்ளையா வர்ற பாலை வாளியில சுமந்துட்டு வருவாங்க. இந்தத் தொட்டியில ஊத்தி, புளிச்ச தண்ணி ஒண்ணு கலப்பாங்க. மறுநாள் பாத்தா பால் கட்டியாயிருக்கும். அதை உருளையில விட்டுத் துணி மாதிரி ஆக்குவாங்க."

"பிறகு?" என்றார் மச்சான், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டு.

"பிறகு சூரியனுக்குப் படைப்பாங்க. ஆனா புளிச்ச தண்ணி அளவாக் கலக்கணும். கூடிட்டா தோல் மாதிரி விறைக்கும், குறைஞ்சா மறுநாளும் கொழகொழன்னு இருக்கும். கையை விட்டுப் பாத்தே சொல்லிடலாம்."

மச்சான் சிரிப்பை நிறுத்தினார். "ஏன் ஐசே, ஆசிட் கலக்கிறது கிராணி வேலையோ?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. உறைத்ததும் பதற்றம் வந்தது. பதற்றம் வந்ததும் என்ன வரும் என்று முன்பே சொல்லியிருக்கிறேன். பேச்சை மாற்றுவதாக நினைத்து, பக்கத்தில் இருந்த புகைவீட்டைக் காட்டினேன். உயரமான செங்கல் சுவர், கதவில்லாத வாசல், சுவரெல்லாம் பெரணிச் செடி. "இதோ, சூரியக் கோயில். இங்க நாலு நாள் நெருப்பு அணையக்கூடாது. சுவாலை வந்தா ஷீட் எரிஞ்சிடும், அணைஞ்சா பூஞ்சை பிடிச்சிடும். அதனால ராத்திரியும் ஒரு பூசாரி உள்ள போய்ப் பாத்துட்டே இருப்பாரு. அதனாலதான் சூரியப் பூசாரிங்களுக்குக் கையில முடியே இருக்காது. எல்லாம் பொசுங்கிப் போயிருக்கும்."

தோட்டத்துக்கு வந்ததிலிருந்து என் மனைவி முதல் முறையாக வாயைத் திறந்தாள். "உங்க அப்பாவுக்கும் கையில முடி இல்ல."

பெரணிச் செடிகள்கூட ஆடவில்லை.

"வயசானா உதிர்ந்துடும்," என்றேன்.

"தலையில இருந்துச்சே."

இந்த நேரம் பார்த்து ஸ்டோருக்குப் பின்னாலிருந்து இரும்பில் சுத்தியல் அடிக்கும் சத்தம் கேட்டது. சத்தம் நின்றது. சுத்தியலோடு ஒருவன் எட்டிப் பார்த்தான். அவன் பின்னால் பழைய இரும்பு ஏற்றும் லோரி ஒன்று நின்றது. என் வயசுக்காரன், என்னைவிட இரண்டு மடங்கு தொப்பை. என்னையும் குடையையும் ரிப்பனையும் மாறி மாறிப் பார்த்தான்.

"டேய். புகைவீட்டுப் பயதானே நீ?"

தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஆறு வருடம் என் பக்கத்தில் உட்கார்ந்தவன். என்னைத் தெரிந்த நாய்கூட இருக்காது என்று நினைத்தேன். நாய் இல்லைதான். நான் அவனைப் பார்த்து வேகமாகக் கண்ணடித்தேன்.

"கண்ணுல என்னடா? தூசியா?"

"இவர் என் மச்சான். லண்டன்ல இருக்காரு. இது என் வீட்டுக்காரி," என்றேன், மறுபடியும் கண்ணடித்து. "அப்பாவைப் பத்திச் சொல்லிட்டிருந்தேன். அப்பா ஆபீஸ்ல கிராணியா இருந்ததை."

அவன் முகத்தில் யோசனை மெதுவாக ஏறியது. அவனுக்குப் பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான், விடை தெரிய நேரம் ஆகும். ஆனால் தெரிந்துவிட்டால் நிறுத்த முடியாது.

"ஆமா பாஸ்," என்று மச்சான் பக்கம் திரும்பினான். "இவங்க அப்பா பெரிய கிராணி. சும்மா கிராணி இல்ல. அவரு நடந்து வந்தா துரையே எழுந்து நிப்பாரு."

"போதும்டா."

"துரைக்கு இங்கிலீஷ்ல சந்தேகம் வந்தா இவங்கப்பாகிட்டதான் கேப்பாரு பாஸ்."

மச்சான் பைனாகுலரைக் கழற்றி மகளிடம் கொடுத்தார். "அப்ப உங்கட அப்பா என்ன வேலை தம்பி?"

அவன் என்னைப் பார்த்தான். நான் வானத்தைப் பார்த்தேன்.

"எங்கப்பாவும் கிராணிதான் பாஸ்."

"ஓ. இந்தத் தோட்டத்தில எத்தனை கிராணி?"

"எல்லாரும் கிராணிதான் பாஸ்," என்றான் அவன், இனிமேல் பின்வாங்க முடியாத நிலையில். "அந்தக் காலத்துல அப்படி."

மகள் பைனாகுலரை இறக்கினாள். "அப்ப மரத்தைக் கீறிப் பால் எடுத்தது யாருப்பா?"

அவள் வம்புக்குக் கேட்கவில்லை. கதையில் ஆள் குறைகிறது, அதனால் கேட்டாள். மணி அடித்தாகிவிட்டது, பெயர் வாசித்தாகிவிட்டது. காட்டுக்குப் போக ஒருவரும் இல்லை. நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். எதுவும் வரவில்லை. முப்பத்தெட்டு வருடத்தில் அது என்னைக் கைவிட்டது அன்றுதான்.

"தாத்தா எங்க நிப்பாரு?" என்று கேட்டாள் மறுபடி.

ரிப்பன் கட்டிய குடையால் புகைவீட்டு வாசலைக் காட்டினேன். "அதுக்குள்ள."

"பூசாரியா?"

"இல்லம்மா. ஷீட்டுக்குப் புகை போடுவாரு. முப்பத்தொரு வருசம்."

இரும்புக்காரன் சுத்தியலைக் கீழே வைத்தான். மச்சான் புகைவீட்டுக்குள் போனார். ரொம்ப நேரம் வரவில்லை. வந்தபோது வெள்ளைச் சட்டையின் தோளில் கரி.

"உள்ளுக்கு இன்னும் மணக்குது," என்றார். பிறகு என் பக்கத்தில் வந்து நின்று, குன்றைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ஐசே, நீர் இதை அண்டைக்குச் சொல்லியிருந்தா எங்கட அப்பா ஓமெண்டு சொல்லியிருக்க மாட்டார்."

"தெரியும் மச்சான்."

"நானும் சொல்லியிருக்க மாட்டன்." தோளில் இருந்த கரியைத் தட்டிவிட்டு, "அப்ப எனக்கு இருபத்தெட்டு வயசு," என்றார்.

என் மனைவிக்குக் கோபம் வந்தால்தான் யாழ்ப்பாணத் தமிழ் வரும். மற்ற நேரமெல்லாம் என்னைப் போலத்தான் பேசுவாள்.

"பத்து வருசம், சாகுமட்டும்," என்றாள். "எங்கட வீட்டில அந்த மனுசனை வாய் திறக்க விடாம வைச்சிருந்தனீங்கள்."

"அவரும் சரின்னுதான் சொன்னாரு."

"என்ன சொன்னவர்?"

யோசித்துப் பார்த்தேன். "ம்-னு சொன்னாரு."

அவள் போய்க் காரில் உட்கார்ந்துகொண்டாள். இரும்புக்காரன் என் காதோரம் குனிந்து, "டேய், நான் நல்லாத்தானடா சொன்னேன்?" என்று கேட்டான். நல்லாத்தான் சொன்னாய் என்றேன். அவனுக்கு அதில் திருப்தி. எங்கள் நாலு பேருக்கும் தன் பிளாஸ்க்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தான். ஐந்தாவது இடத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

மத்தியானச் சாப்பாடு, மழை, நெரிசல் எல்லாம் முடிந்து பிரிக்பீல்ட்ஸ் திரும்பும்போது சாயங்காலம் ஆகிவிட்டது. வழியெல்லாம் மகள் கேள்வி கேட்டுக்கொண்டே வந்தாள். எவ்வளவு சூடா இருக்கும், உள்ள லைட் இருக்குமா, கண்ணு எரியாதா, தாத்தா சாப்பாட்டுக்கு வெளிய வருவாரா. எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். தெரியாததும் நிறைய இருந்தது. நான் அவரிடம் கேட்டதே இல்லை. மச்சான் கேட்டுக்கொண்டே வந்தார். என் மனைவி ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தாள். வீட்டு வாசலில் இறங்கும்போது அவள் சொன்னது ஒரே ஒரு வரி.

"அம்மாட்ட நீங்களே சொல்லுங்கோ."

மாமியார் அடுப்படியில் மீன் பொரித்துக்கொண்டிருந்தார். நான் உள்ளே போய் நின்றேன். ஃபெடரல் ஹைவேயில் எவ்வளவு நெரிசல் என்று சொன்னேன். மழையைப் பற்றிச் சொன்னேன். பாலம் என்னைவிட இளையது என்று சொன்னேன். எண்ணெய்ச் சட்டியின் அடி கனமாக இருந்தால் மீன் ஒட்டாது என்பதைப் பற்றியும், ஐம்பது வருடமாக மீன் பொரிக்கிற ஒருவருக்குச் சொன்னேன். மாமியார் மீனைத் திருப்பிப் போட்டார். பின்னால் என் மனைவி கதவில் சாய்ந்து நிற்பது எனக்குத் தெரியும். முதுகில் தெரியும்.

"மாமி, எங்கப்பா கிராணி இல்ல."

"என்ன தம்பி?"

"புகைவீட்டுல வேலை செஞ்சாரு. ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடுற வேலை. நான்தான் அன்னைக்கு மாத்திச் சொல்லிட்டேன்."

அவர் அடுப்பைக் குறைத்தார். அந்த ஒரு நொடிக்கு நான் பன்னிரண்டு வருடம் பயந்திருந்தேன். கத்துவார், அழுவார், மாமனார் படத்துக்கு முன்னால் போய் நிற்பார் என்று எத்தனையோ விதமாக நினைத்துப் பார்த்திருக்கிறேன். அடுப்பைக் குறைப்பார் என்று நினைக்கவில்லை.

"புகைக்குள்ளயோ?"

"ஆமா மாமி."

"அப்ப அந்த இருமல்?"

"புகைதான்."

மாமியார் மீன் திருப்பும் தட்டகப்பையைக் கீழே வைத்துவிட்டு என்னை நேராகப் பார்த்தார். "நான் சுருட்டு எண்டெல்லோ நினைச்சன். தீபாவளிக்குத் தீபாவளி அந்த மனுசன் வர, சுருட்டு மணக்குமெண்டு வெளி வாசலில கதிரை போட்டு இருத்தினன். அவர் ஒரு வார்த்தை சொல்லேல்லையே."

"நான்தான் பேச வேணாம்னு சொல்லியிருந்தேன்."

அடுப்பை மறுபடி ஏற்றினார். "கையைக் கழுவிட்டு வாங்கோ," என்றார். தம்பி என்ற சொல் அந்த வாக்கியத்தில் இல்லை என்பதைக் கை கழுவும்போதுதான் கவனித்தேன்.

அந்த வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மீன் மாமியார் கையால்தான் தட்டுக்கு வரும். யாருக்கு எந்தத் துண்டு என்பதை அவர்தான் முடிவு செய்வார், மாப்பிள்ளைக்கு நடுத்துண்டு. அன்று நடுத்துண்டு மச்சானுக்குப் போனது. எனக்கு வால் வந்தது. முள்ளும் தோலுமாக ஒரு வால். மச்சான் என் தட்டைப் பார்த்தார், தன் தட்டைப் பார்த்தார், குனிந்து சாப்பிட ஆரம்பித்தார். என் மனைவியும் பார்த்தாள், பிறகு மகளுக்கு முள் எடுத்துக் கொடுத்தாள். நான் பேசாமல் வாலைத் தின்றேன்.

அடுத்த ஞாயிறும் வால். மச்சான் லண்டனுக்குப் போன பிறகு நடுத்துண்டுக்குப் போட்டியே இல்லை. அப்போதும் வால். நடுத்துண்டு மகளுக்குப் போனது.

நாலாவது ஞாயிறு மாமியார் சட்டியோடு என் பக்கத்தில் வந்து நின்றார். நின்றவர் துண்டு எதையும் எடுக்கவில்லை.

"உங்கட அப்பாவுக்கு எந்தத் துண்டு பிடிக்கும் தம்பி?"

தம்பி என்ற சொல் திரும்பி வந்துவிட்டது. அந்தச் சந்தோஷத்தில் பதற்றம், பதற்றத்தில் வாய். கொஞ்சம் யோசித்திருந்தால் நடுத்துண்டு என்று சொல்லியிருக்கலாம்.

"தலை மாமி. தலைன்னா உயிரு."

அவர் சட்டிக்குள் தேடி, ஒரு முழுத் தலையை எடுத்து என் தட்டில் வைத்தார். குழம்பையும் மேலே ஊற்றினார். அது கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தது. எனக்கு மீன் தலை ஆகவே ஆகாது. சின்ன வயசிலிருந்தே அப்பா தட்டில் அது இருந்தால் நான் அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்துதான் சாப்பிடுவேன். மாமியார் நகராமல் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஒரு கன்னத்தைப் பிய்த்து வாயில் போட்டேன்.

"நல்லா இருக்கோ?"

"ரொம்ப நல்லா இருக்கு மாமி."

அன்றிலிருந்து இன்றுவரை, ஞாயிற்றுக்கிழமை தவறாமல், எனக்குத் தலைதான் வருகிறது.